வேலிக்கு அந்தப் பக்கத்துப் பியோனிகள்

வெல்மா ஷீஹானின் வெண்ணெய் நிறக் கார் எதிரே வந்த வேகத்தைப் பார்த்து, லோர்னா ட்ரெகீர் பள்ளிப் பேருந்தைச் சரளை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கான்பெரா ரோட்டில் திரும்பி மறைந்தது. ஒரு கையசைப்பு இல்லை, ஒரு ஹாரன் இல்லை. மொனாரோ மேட்டில் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்காமல் போனால் அது மரியாதைக் குறைவு. ஆனால் வெல்மா லோர்னாவுக்கு விரல் தூக்கி வருஷக்கணக்காகிறது. அதனால் லோர்னாவுக்கு ஆச்சரியமெல்லாம் அந்த வேகம்தான். வெல்மா ஊரை விட்டு வெளியே போகும்போதுகூட மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்டுவாள்.

"லோர்னா, மிஸஸ் ஷீஹான் பேங்க்ல கொள்ளையடிச்சுட்டாங்களா?" என்று பின்னால் இருந்து ஒரு பெண் கத்தினாள்.

"அவங்க கொள்ளையடிச்சா, எந்த விதிப்படி அடிக்கிறேன்னு மொதல்ல மேனேஜர்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அடிப்பாங்க. உக்காரு."

பேருந்து முழுக்கச் சிரித்தது. கரவிங்கா ஊரில் வெல்மாவின் விதிப் பைத்தியம் குழந்தைகளுக்கும் தெரியும்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு லோர்னா தபால் கடைக்குப் போனாள். அங்கே ஜோனி இரண்டு செய்திகளோடு காத்திருந்தாள். ஜோனி தபால் கடைக்காரி மட்டுமல்ல, ஊர் மலர்க் கண்காட்சிக்குச் செயலாளரும் அவள்தான். கண்காட்சி சனிக்கிழமை. அன்று வியாழன்.

"வெல்மா மக கெர்ரிக்கு வலி எடுத்துருச்சாம். இன்னும் ஒரு மாசம் நாள் கிடக்கு. மாப்பிள்ளை சுரங்கத்துல வேலை, வந்துசேர எப்படியும் ரெண்டு நாளாகும். வெல்மா கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடிட்டா."

"அடக் கடவுளே. இன்னொண்ணு என்ன?"

"ரேடியோ கேக்கலையா? இன்னிக்கு ராத்திரி மைனஸ் நாலாம்."

லோர்னா வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் கிடையாது. காற்று காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. நவம்பர் பிறந்துவிட்டது, வசந்தம் முடிகிற சமயம், சமவெளிக்காரர்கள் அரைக்கை சட்டைக்கு மாறியாயிற்று. ஆனால் இந்த மேட்டில் நவம்பரில் வரும் கப் குதிரைப் பந்தயம் முடியும்வரை யாரும் தக்காளி நட மாட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்துக்குப் பயந்துதான்.

*

லோர்னாவின் வீடும் வெல்மாவின் வீடும் ஓடைக்கரைத் தாழ்வில் அடுத்தடுத்து இருந்தன. நடுவே இடுப்புயரக் கம்பி வேலி. குளிர்காற்று மேட்டிலிருந்து தண்ணீர் மாதிரி வழிந்து இறங்கி அந்தத் தாழ்வில்தான் தேங்கும். குன்றின் மேல் இருப்பவர்கள் புல்லில் ஒரு வெள்ளைக் கோடு பார்த்தார்களென்றால், ஓடைக்கரைக்காரர்கள் குழாயை வெந்நீர் ஊற்றித் திறப்பார்கள். ஆனாலும் ஓடைக்கரை மண் கறுப்பு மண். ஊரின் நல்ல பூக்களெல்லாம் இந்த இரண்டு தோட்டங்களில்தான் பூத்தன.

லோர்னாவுக்கு ஐரிஸ். ஊதா, பழுப்புத் தங்கம், ஒரு வரிசை கிட்டத்தட்டக் கறுப்பு. வெல்மாவுக்குப் பியோனி. சோற்றுத் தட்டு அகலத்துக்கு விரியும் இளஞ்சிவப்புப் பூக்கள். கண்காட்சியின் சிறந்த மலர்க் கோப்பை வெல்மாவின் கணப்படுப்பு மேல்தான் நிரந்தரமாகக் குடியிருந்தது. அது இடம் மாறியிருக்க வேண்டிய வருஷம் ஒன்று வந்தது. அந்த வருஷம் லோர்னாவின் கறுப்பு ஐரிஸைப் பார்க்க அடுத்த ஊர்க்காரர்கள்கூட வந்து நின்றார்கள். அவசரத்தில் லோர்னா பூவை ஜாம் பாட்டிலில் வைத்துவிட்டாள். கண்காட்சி விதியில் பச்சைக் கண்ணாடிப் புட்டி என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு மேற்பார்வை வெல்மா. நடுவர் வருவதற்கு முன்பே 'விதிப்படி இல்லை' என்று ஒரு அட்டையை எழுதிப் பூவின் முன்னால் சாய்த்து வைத்தாள். கோப்பை பழையபடி அவள் வீட்டுக்கே போனது. அதற்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் மிஸஸ் ட்ரெகீர், மிஸஸ் ஷீஹான் ஆகிவிட்டார்கள்.

லோர்னா வீட்டுக்கு வந்தபோது அவள் புருஷன் டெஸ் ஏற்கெனவே பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தான். மண் ரோடுகளைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுபவன் அவன். வானிலைச் செய்தி அவனுக்குத்தான் முதலில் எட்டும்.

"கல்யாணத்துக்கு உங்கம்மா குடுத்த விரிப்பை எடுக்கலாமா?"

"அதை எடு. அதுக்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?"

வெயில் குன்றுக்குப் பின்னால் இறங்கிய கணமே குளிர் கணுக்காலைப் பிடித்தது. இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முன்பக்க ஐரிஸ் படுகையை டெஸ் பார்த்துக்கொள்வது. பக்கவாட்டு ரோஜாவையும் நாற்றுகளையும் லோர்னா பார்த்துக்கொள்வது. ரோஜாக்களுக்கு உருளைக்கிழங்கு மூட்டைச் சாக்கைப் போர்த்திவிட்டு, நாற்றுகள் மேல் அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டே போனவள் வேலியோரம் வந்ததும் நின்றாள்.

வெல்மாவின் பியோனிகள் அந்தி வெளிச்சத்தில் மொத்தமாகத் தலை தூக்கி நின்றன. பாதி விரிந்தவை, முக்கால் விரிந்தவை, சனிக்கிழமைக்கென்றே கணக்குப் பண்ணி வைத்த மொட்டுகள். எதன் மேலும் ஒரு துணி இல்லை. கோழிக்கூட்டின் கதவுகூட ஆவென்று திறந்து கிடந்தது.

லோர்னா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் முதலில் வந்தது நல்ல எண்ணம் இல்லை. இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்பதுதான் வந்தது. அது வந்ததும் தனக்கே அருவருப்பாக இருந்தது. பிறகு காரின் வேகம் ஞாபகத்துக்கு வந்தது. லோர்னாவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் அவள் அம்மா கூமாவிலிருந்து லாரியில் ஏறி வந்து சேர்ந்தாள்.

"டெஸ்!"

"என்ன?"

"வீட்டுல இன்னும் விரிப்பு இருக்கா?"

"நான் போட்டிருக்கற பேண்ட் இருக்கு. வேணுமா?" என்றபடி அவன் வந்தான். அவள் பார்வை போன திசையைப் பார்த்தான். "வேண்டாம்மா. சொல்றேன் கேளு. அந்தம்மா உனக்கு நன்றியெல்லாம் சொல்லாது. இலையில ஒரு கீறல் விழுந்தா நம்ம மேல கேஸ் போடும்."

"போடட்டும். ஹால் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"எதுக்கு?"

"கண்காட்சி மேஜைவிரிப்பு எல்லாம் அங்கதானே மடிச்சு வெச்சிருக்கீங்க."

டெஸ் ஊர்மன்ற ஹாலைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்பவன். அந்த வெள்ளை விரிப்புகளை ஜோனி ஒரு வாரம் முன்பே துவைத்து, இஸ்திரி போட்டு, உரை போட்டு வைத்திருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ஜோனி என்னைக் கொன்னு போட்டுருவா."

"கொல்றதுக்கு நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. பூவுக்கு இல்ல. சீக்கிரம் போ."

அவன் போனான். முணுமுணுத்துக்கொண்டே போனாலும், டெஸ் மனைவி சொன்னதைச் செய்யாமல் விட்டவன் இல்லை.

லோர்னா வேலியைத் தாண்டினாள். சண்டைக்குப் பிறகு அந்த மண்ணில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. முதலில் கோழிகளை உள்ளே விரட்டிக் கதவைச் சாத்தினாள். நரிக்கு விருந்து வைக்க வேண்டாமே. பிறகு கொட்டகையிலிருந்து தக்காளிக் குச்சிகளைக் கட்டோடு தூக்கிவந்தாள். பின்பக்கம் போனபோது வெல்மாவின் காய்கறிப் பாத்தி முழுக்கக் களை மண்டியிருப்பதைப் பார்த்தாள். வெல்மாவின் புருஷன் ஷீஹான் உயிரோடு இருந்தபோது அங்கே முட்டைக்கோஸ் வரிசை கயிறு பிடித்த மாதிரி நிற்கும். இப்போது ரோட்டிலிருந்து தெரிகிற முன்பக்கத்தை மட்டும்தான் வெல்மா காப்பாற்றிக்கொண்டிருந்தாள்போல.

இன்னொன்றையும் பார்த்தாள். வேலியோரம், பிளம் மரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலி. அதன் முன்னால் பாதம் பட்டுப் பட்டுப் புல் தேய்ந்திருந்தது. நாற்காலி பியோனிகளுக்கு முதுகு காட்டிக்கொண்டு, நேராக லோர்னாவின் ஐரிஸ் படுகையைப் பார்த்துப் போட்டிருந்தது. லோர்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குச்சிகளை நடப் போனாள்.

ஒவ்வொரு செடிக்கும் சுற்றி நான்கு குச்சி. பூவை விட ஒரு சாண் உயரமாக. துணி பூவின் மேல் படக்கூடாது. பட்டால் பனி துணி வழியாகவே இதழைச் சுட்டுவிடும். கூடாரம் மாதிரி நிற்க வேண்டும், ஓரம் தரையைத் தொட வேண்டும், பகல் முழுக்க மண் குடித்த சூடு உள்ளேயே நிற்க வேண்டும். டெஸ் விரிப்புகளைக் கொண்டுவந்ததும் இருவருமாகப் போர்த்தி, துணி கிளிப்பால் குச்சியோடு பிடித்து, ஓரத்தில் கல் வைத்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைத் துணிகள் வரிசையாக நின்றன.

"சாப்பாட்டுக்கு ஆள் வந்து உக்கார வேண்டியதுதான் பாக்கி," என்றான் டெஸ்.

லோர்னாவுக்கு விரல் மரத்துப் போயிருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டாள்.

*

விடிந்தபோது ஓடைக்கரை முழுக்க உப்புக் கொட்டின மாதிரி இருந்தது. புல் மிதித்தால் நொறுங்கியது. லோர்னா கம்பளிக் கோட்டை நைட்டி மேல் மாட்டிக்கொண்டு, வெயில் குன்றைத் தாண்டுவதற்குள் வேலியைத் தாண்டினாள். மேஜைவிரிப்புகள் பலகையாக விறைத்துப் போயிருந்தன. ஒன்றைத் தூக்கியபோது கதவைப் பெயர்ப்பது போலக் கையோடு வந்தது.

உள்ளே பியோனிகள் அப்படியே இருந்தன. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது, உறையவில்லை. ஒரே ஒரு தண்டு மட்டும், கிளிப்பின் கனத்தில் குச்சி சாய்ந்து, கழுத்தொடிந்து கிடந்தது. அத்தனையில் ஒன்று. பரவாயில்லை என்று எல்லா விரிப்பையும் தூக்கி வேலிமேல் போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் தன் வீட்டு முன்பக்கத்துக்கு வந்தாள்.

டெஸ் குச்சி நடவில்லை. கைக்குழந்தையைச் சுற்றுவது மாதிரி ஐரிஸ்களை விரிப்பால் இறுக்கிச் சுற்றி, அசையாமல் இருக்கச் செங்கல்லும் வைத்திருந்தான். அவள் விரிப்பைப் பிரித்தாள். பூக்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. இதழுக்கு அந்தப் பக்கம் விரல் தெரிந்தது. மேலே வெயில் வந்து விழுந்ததும் அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. கறுப்பு வரிசை முழுக்கப் போய்விட்டது.

டெஸ் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தான். "எப்படி இருக்கு?"

"வெந்துபோச்சு."

"நல்லா இறுக்கித்தானே கட்டினேன்."

"இறுக்கித்தான் கட்டியிருக்கே! இது என்ன உப்புக்கண்டமா? அந்தப் பக்கம் என்கூட நின்னு குச்சி மேல விரிச்சியே, நம்மளுதுக்கு ஏன் குச்சி நடலன்னு ஒரு தடவையாவது தோணலையா?"

"அதுக்கு முந்தியே இதைக் கட்டி முடிச்சுட்டேன். நீ கூப்பிட்டுட்டே. மறந்துட்டேன்," என்றான். கொஞ்சம் கழித்து, "நீதான் அந்தம்மா தோட்டத்துக்குப் போனே," என்றும் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

லோர்னா உள்ளே போனாள். உடை மாற்றிக்கொண்டு பேருந்தை எடுக்கப் போய்விட்டாள். அன்றைக்குக் காலைச் சவாரியில் எந்தப் பிள்ளையும் சத்தம் போடவில்லை. டிரைவரின் கழுத்தைப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் வந்து மேஜைவிரிப்புகளைத் துவைத்தாள். மண் போயிற்று, புல் கறை போகவில்லை. இரண்டாம் முறை போட்டாள். மத்தியானம் ஜோனி ஹாலில் மேஜைகளைப் போட்டுவிட்டு விரிப்பைத் தேடி, டெஸ்ஸைத் தேடி, கடைசியில் லோர்னா வீட்டுப் பின்பக்கத்துக்கு வந்தாள். கொடி முழுக்க வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்னோட விரிப்பு மாதிரி இருக்கே?"

"உன்னோடதுதான். நேத்து பூ மூட எடுத்தேன். சாயங்காலத்துக்குள்ள இஸ்திரி போட்டுத் தர்றேன்."

ஜோனி முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். "மூடியும் உன் ஐரிஸ் போயிருச்சே!"

"இது என் ஐரிஸுக்கு இல்ல. வெல்மாவோட பியோனிக்கு."

ஜோனி கிட்டே வந்தாள். பிறகு லோர்னாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஜுரமெல்லாம் இல்ல," என்றாள் லோர்னா. "ஒரு ஓரத்தைப் பிடி. உதறி மடிக்கணும்."

*

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன் வெல்மாவின் கார் திரும்பி வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து லோர்னா பார்த்தாள். வெல்மா இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் நட்டபடியே நின்ற குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குனிந்து எதையோ எடுத்தாள். அடுத்த நிமிஷம் லோர்னா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெல்மாவின் கையில் கழுத்தொடிந்த பியோனி.

"மிஸஸ் ட்ரெகீர், என் தோட்டத்துக்குள்ள யாரோ வந்திருக்காங்க."

"நான்தான் வந்தேன்."

"யாரைக் கேட்டு வந்தீங்க?"

"யாரைக் கேக்கறது? கோழியையா? மைனஸ் நாலு வந்துச்சு மிஸஸ் ஷீஹான். மூடிவிட்டேன்."

"இது ஒடிஞ்சிருக்கு."

"ஒண்ணு ஒடிஞ்சிருக்கு. மத்ததெல்லாம் நிக்குது, எண்ணிப் பாத்துக்குங்க!" லோர்னாவுக்குக் குரல் ஏறிவிட்டது. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. "வாங்க, இங்க வந்து பாருங்க. உங்களுதுக்குக் குச்சி நட்டுக்கிட்டு இருந்த நேரத்துல என்னோடது என்ன ஆச்சுன்னு பாருங்க."

வெல்மாவைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். ஐரிஸ்கள் பழுப்பாகக் கூழாகித் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெல்மா பார்த்தாள். கறுப்பு வரிசைப் பக்கம் போய்க் குனிந்து, ஒரு மொட்டைப் பிதுக்கினாள். தண்ணீர்தான் வந்தது. அவள் முகம் மாறியதை லோர்னா கவனித்தாள்.

"கறுப்பு எல்லாமேவா?"

"எல்லாமே."

"யாரு மூடினது?"

"டெஸ்."

"சுத்திக் கட்டினாரா?"

"செங்கல் வேற வெச்சாரு."

வெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க வீட்டுல இருந்தவரும் அப்படித்தான். ஒரு வருஷம் என் பியோனி மேல தார்ப்பாயைப் போட்டு, அது மேல டயரைத் தூக்கி வெச்சாரு."

டெஸ் வாசல்வரை வந்து, டயர் என்ற வார்த்தையைக் கேட்டு, வந்த வழியே திரும்பிப் போனான்.

அப்புறம்தான் லோர்னாவுக்குக் கேட்கத் தோன்றியது. "கெர்ரி எப்படி இருக்கா?"

"பொண்ணு பொறந்திருக்கு." வெல்மா ஒடிந்த பியோனியைப் படியில் வைத்தாள். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. மூச்சு தானாத்தான் விடுதாம். கை இவ்வளவுதான் இருக்கு, லோர்னா. என் கட்டைவிரல் அளவு." அவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து அவள் தூங்கியிருக்கமாட்டாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

லோர்னா அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ஆட்டுக்கறிச் சூப்பும் ரொட்டியும் வைத்தாள். வெல்மா தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பழைய வெல்மா திரும்பி வந்திருந்தாள்.

"துணிமணி எடுத்துக்கிட்டு விடியறதுக்குள்ள நான் கிளம்பணும். நாளைக்கு என் பூவை நீ கொண்டுபோய் வெச்சுரு."

"நானா?"

"விதிப்படி அதுல தப்பில்ல. பூவைக் கொண்டாந்து வெக்கறது யாரா வேணா இருக்கலாம். வளத்தது யாருங்கறதுதான் முக்கியம்."

"உன் பூவை நான் வெட்டி, நான் தூக்கிக்கிட்டுப் போயி, உனக்குக் கோப்பை வாங்கித் தரணும். அப்படித்தானே?"

"வேற யாரு இருக்கா? ஜோனிக்குப் பியோனிக்கும் கோஸுக்கும் வித்தியாசம் தெரியாது."

லோர்னா அவளை முறைத்தாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அந்த வருஷம் ஜாம் பாட்டில்ல வெச்சேனே. அதுக்கு இன்னிக்காவது ஏதாவது சொல்லுவியா?"

"பச்சைப் புட்டின்னா பச்சைப் புட்டிதான். இன்னிக்கு நீ ஜாம் பாட்டில்ல வெச்சாலும் அதே அட்டையைத்தான் எழுதுவேன்," என்றாள் வெல்மா. பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, "காலையில வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டு. தண்டைச் சாய்வா வெட்டு. வெட்டினதும் —"

"எனக்குப் பூ வெட்டத் தெரியும்."

"தெரியும்னு தெரியும். அதான் உன்கிட்ட சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

*

சனிக்கிழமை காலை லோர்னா வெல்மாவின் தோட்டத்தில் தனியாக நின்று மூன்று பூக்களைத் தேர்ந்தெடுத்தாள். தன் பூவுக்குக்கூட அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. பச்சைப் புட்டியில் நிறுத்தி, ஹாலில் புல் கறை படிந்த மேஜைவிரிப்பின் மேல் வைத்தாள். கறையை மறைக்கிற மாதிரியே வைத்தாள். சீட்டில் வெல்மா ஷீஹான் என்று எழுதியபோது, பக்கத்தில் நின்ற ஜோனி மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தாள்.

நடுவர் கூமாவிலிருந்து வந்தவர், நெட்டையான மனிதர், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். பியோனிப் பிரிவில் வெல்மாவுக்கு முதல் பரிசு. ஓடைக்கரையில் வேறு யாருடைய பியோனியும் பிழைக்கவில்லை. ஆனால் சிறந்த மலர்க் கோப்பை வேறொரு மேஜைக்குப் போனது. குன்றின் மேல் மதுக்கடை வைத்திருக்கும் ரெக்ஸ் தன் கடை வராந்தாவிலிருந்து ஒரு தொட்டி ஜெரேனியத்தைத் தூக்கிவந்து வைத்திருந்தான். கோப்பை அதற்குத்தான்.

லோர்னா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. நேராக நடுவரிடம் போனாள்.

"சார், அது ஜெரேனியம். சும்மா குச்சியை ஒடிச்சு நட்டாலே வரும். அதுல சாராயக்கடைக்காரன் சிகரெட் சாம்பலைத்தான் உரமாப் போட்டிருப்பான்."

"நல்ல ஆரோக்கியமான செடிம்மா," என்றார் நடுவர்.

"இந்தப் பியோனியை ஒழுங்காப் பாத்தீங்களா? மைனஸ் நாலுல நின்ன பூ!"

"பாத்தேன். அதனாலதான் யோசிச்சேன்." அவர் பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார். "நடுப்பூவுல வெளி இதழோட ஓரத்தைப் பாருங்க. பனி சுட்டிருக்கு. யாரோ மூடியிருக்காங்க, ஒரு இடத்துல துணி பட்டுருச்சு. அது மட்டும் இல்லேன்னா கோப்பை இங்கதான்."

லோர்னா பார்த்தாள். இதழின் விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பழுப்பு. காலையில் அவள் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. யார் மூடினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வெளியே ரெக்ஸ் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து எத்தனை பீர் கொள்ளும் என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வெல்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்துவிட்டதாம். மாப்பிள்ளை வந்து சேர்ந்துவிட்டானாம். அதெல்லாம் சொல்லி முடித்தாள்.

"சரி, சொல்லு. கோப்பை எங்க இருக்கு? உன் வீட்டுலயா, ஹால்லயா?"

"மதுக்கடையில இருக்கு."

"எங்க?"

"ரெக்ஸுக்குக் குடுத்துட்டாங்க. ஜெரேனியத்துக்கு."

"ஜெரேனியமா?" என்று வெல்மா கேட்ட தொனியில், பக்கத்திலிருந்த நர்ஸ் என்ன ஆச்சு என்று விசாரிப்பது போனில் கேட்டது.

லோர்னா முழுவதையும் சொன்னாள். துணி பட்டதையும் சேர்த்தே சொன்னாள். "நான் போட்ட துணிதான். ஓரம் சரிஞ்சிருக்கு. பாக்கல."

"வெளி இதழா?"

"வெளி இதழ்."

"ஒரே ஒரு இதழா?"

"ஆமா."

"அதைக் கிள்ளிப் போட வேண்டியதுதானே, லோர்னா?"

"கிள்ளலாமா? வளர்ந்தபடியே வைக்கணும்னுதானே விதியில இருக்கு?"

"பியோனியில ஒரு வெளி இதழ் போனா யாருக்குத் தெரியும்? நான் எல்லா வருஷமும் கிள்ளுவேன். ரெண்டு, மூணு. சில வருஷம் நாலுகூடக் கிள்ளியிருக்கேன்."

லோர்னா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தாள். என் ஜாம் பாட்டிலுக்கு அட்டை எழுதி வைத்தவளா நீ என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் வயிற்றிலிருந்து சிரிப்புத்தான் கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. அடுப்பங்கரையில் நின்ற டெஸ் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சிரிப்பு?" என்றாள் வெல்மா, கொஞ்சம் சந்தேகத்தோடு.

"ஒண்ணுமில்ல. நீ எப்ப திரும்பி வர்றே?"

"தெரியல. ரெண்டு வாரம் ஆகும். குழந்தை கொஞ்சம் தேறணும்."

"கோழியை நான் பாத்துக்கறேன். பின்பக்கப் பாத்தியில களையைப் புடுங்கித் தக்காளி நடச் சொல்லவா டெஸ்கிட்ட? அவன் எனக்கு வேலை செய்யக் கடன்பட்டிருக்கான்."

வெல்மா யோசித்தாள். "நடட்டும். ஆனா மூடறதுன்னா மட்டும் நீ போ."

"குழந்தைக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?"

"இன்னும் வெக்கல. மாப்பிள்ளை ஏதோ ஒரு பேரு சொல்றான், எழுதவே வரமாட்டேங்குது. நான் சரிப்பட்டு வராதுன்னு சொல்லிட்டேன். நீ கேளேன், இந்தக் காலத்துப் பசங்க எப்படின்னா..."

லோர்னா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டெஸ் உருளைக்கிழங்கை வேகவைத்து, சாப்ஸைப் பொரித்து, தன் தட்டில் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டு முடித்தான். அவள் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனபோதும் போன் பேச்சு முடியவில்லை.